அரசிதழைப் புரட்டியவரும் பிரிவு 213-ஐ மனப்பாடம் செய்தவர்களும்

இந்தியாவின் எந்தப் பல்கலைக்கழகத்திலும் அரசறிவியல் இளங்கலை மாணவர் ஒருவரிடம் ஆளுநரின் அவசரச் சட்ட அதிகாரம் பற்றிக் கேட்டால் விடை தடையின்றி வரும். பிரிவு 213. சட்டமன்றம் கூடியிராத வேளையில், உடனடி நடவடிக்கை தேவை என்று கருதினால் ஆளுநர் அவசரச் சட்டம் பிறப்பிக்கலாம். சட்டமன்றம் மீண்டும் கூடும்போது அது அவையின் முன் வைக்கப்பட வேண்டும். கூடிய நாளிலிருந்து ஆறு வாரம் முடிந்தால் அது காலாவதியாகும். இரு கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்று பிரிவு 174 சொல்வதால், ஓர் அவசரச் சட்டத்தின் ஆயுள் அதிகபட்சம் ஏழரை மாதம். பத்து மதிப்பெண் வினாவுக்கு இவ்வளவு எழுதினால் போதும்.

இந்த விடையில் பிழை எதுவும் இல்லை. 1967 முதல் 1981 வரை பீகாரை ஆண்டவர்களுக்கும் அம்மாநிலத் தலைமைச் செயலகத்து அதிகாரிகளுக்கும்கூட இந்த விடை நன்றாகவே தெரிந்திருந்தது. அந்தக் காலகட்டத்தில் அங்கே பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டங்கள் 256. ஏழரை மாதத்துக்குள் மடிந்திருக்க வேண்டிய அவை ஓராண்டு முதல் பதினான்கு ஆண்டு வரை உயிரோடு வைக்கப்பட்டன. முறை எளிமையானது. கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டதும், காலாவதியாகவிருந்த அவசரச் சட்டம் ஏறக்குறைய அதே வாசகங்களோடு மீண்டும் பிறப்பிக்கப்படும். அடுத்த கூட்டத்தொடர் முடிந்ததும் மறுபடியும். எந்தெந்த அவசரச் சட்டங்களுக்கு மறுபிறப்புத் தேவை என்று பார்த்து உடனே நடவடிக்கை எடுக்குமாறு துறைச் செயலர்களுக்கு ஒரு சுற்றறிக்கையும் போகும். அரசமைப்பை ஏமாற்றும் வேலை, விடுப்பு விண்ணப்பத்தைப் போல ஓர் அன்றாட அலுவலகப் பணியாகிவிட்டிருந்தது.

இதைக் கண்டுபிடித்தவர் வழக்கறிஞரல்லர். எதிர்க்கட்சித் தலைவரோ பத்திரிகையாளரோ அல்லர். புனேயில் உள்ள கோகலே அரசியல், பொருளியல் நிறுவனத்தின் பொருளியல் பேராசிரியர் டி.சி. வாத்வா. இந்தியாவின் வேளாண் சட்டங்களை ஆராய்ந்துவந்தவர். ஒரு சட்டம் எப்போது வந்தது, எப்போது போனது என்று தேதிகளை ஒப்பிட்டுப் பார்ப்பவரின் கண்ணுக்கு மட்டுமே தெரியக்கூடிய ஒன்று அவர் கண்ணில் பட்டது. அவசரச் சட்டங்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டார். ஒவ்வொன்றின் பிறப்பையும் மறுபிறப்புகளையும் கணக்கிட்டார். அந்த ஆய்வு 1983-இல் நூலாக வந்தது. அரசமைப்பின் மீது நிகழ்த்தப்பட்ட மோசடி என்ற குற்றச்சாட்டு அந்நூலின் தலைப்பிலேயே இருந்தது. அவரும் வேறு சிலரும் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். 1986 டிசம்பரில் தலைமை நீதிபதி பகவதி தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு, இப்படி வழக்கமாக மறுபிறப்பிப்பது அரசமைப்பின் மீதான மோசடியே என்று தீர்ப்பளித்தது. வாத்வாவின் உழைப்பைப் பாராட்டி அவருக்குப் பத்தாயிரம் ரூபாய் வழங்குமாறும் மாநில அரசுக்கு ஆணையிட்டது.

இந்த வழக்கின் பெயரும் இன்று பாடத்திட்டத்தில் இருக்கிறது. ‘வாத்வா எதிர் பீகார் மாநிலம், 1986, அவசரச் சட்ட மறுபிறப்பிப்பு கூடாது’ என்று ஒரே வரியில் மாணவர்கள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். அரசமைப்பு வழி ஆட்சி என்றால் என்ன என்பதை ஒரு மனிதர் நூலகத்தில் உட்கார்ந்து செய்துகாட்டிய கதை, தேர்வுக்கு நினைவில் வைக்க வேண்டிய இன்னொரு பெயராகச் சுருங்கிவிட்டது. பீகார் தலைமைச் செயலகம் அறிந்திருந்தது பிரிவு 213-இன் வாசகத்தை. வாத்வா அறிந்திருந்தது அந்த வாசகம் நடைமுறையில் மதிக்கப்படுகிறதா என்று சோதிக்கும் வழியை. இளங்கலை வகுப்புகள் முதலாவதைக் கற்பிக்கின்றன. இரண்டாவதைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை.

*

பாடத்திட்டத்தின் மீது முழுப் பழியையும் போட்டுவிட முடியாது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் விருப்பத் தெரிவு அடிப்படையிலான பருவமுறை வந்தபோது, அரசறிவியல் ஆனர்ஸ் மாணவர்களுக்கு முதல் பருவத்திலேயே ‘இந்தியாவில் அரசமைப்பு வழி ஆட்சியும் மக்களாட்சியும்’ என்ற பொருளில் ஒரு தாள் வைக்கப்பட்டது. அரசமைப்பு நிர்ணய சபை, முகப்புரை, அடிப்படை உரிமைகள், வழிகாட்டு நெறிகள், நாடாளுமன்றம், ஆட்சித் துறை, நீதித் துறை, கூட்டாட்சி, நெருக்கடிநிலை, ஐந்தாம் ஆறாம் அட்டவணைகள், ஊராட்சி, நகராட்சி என்று எதுவும் விடுபடவில்லை. படிக்க வேண்டியவற்றின் பட்டியலில் கிரான்வில் ஆஸ்டின் முதலானோரின் நல்ல எழுத்துகளும் இருந்தன. பிற பல்கலைக்கழகங்களிலும் ஏறத்தாழ இதே வரிசைதான். தாளில் உள்ளபடி ஒருவர் உண்மையாகவே படித்துவிட்டால் தேர்ந்த குடிமகனாகிவிடலாம்.

ஆனால் ஒரு பருவத்துக்குள் இத்தனையும் முடிய வேண்டும். அதற்குள் சேர்க்கைத் தாமதம், அக மதிப்பீடு, கல்லூரி விழா, தேர்வு விடுப்பு எல்லாம் வந்துபோகும். அரசமைப்பு நிர்ணய சபை 1946 டிசம்பர் 9 முதல் 1949 நவம்பர் 26 வரை, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் விவாதித்தது. கொடுக்கப்பட்ட திருத்தங்கள் 7,635. அவையில் முன்மொழியப்பட்டவை 2,473. இந்த விவாதம் முழுவதும் வகுப்பறைக்கு வரும்போது ‘அரசமைப்பின் சிறப்பியல்புகள்’ என்ற பத்து தலைப்புகளாகிவிடுகிறது. எழுதப்பட்டது, நீளமானது, கூட்டாட்சியும் ஒற்றையாட்சியும் கலந்தது, நெகிழ்ச்சியும் இறுக்கமும் கொண்டது. ஒவ்வொன்றும் எதிர்ப்பையும் அச்சத்தையும் சமரசத்தையும் கடந்து வந்த முடிவு. மாணவருக்குக் கிடைப்பது முடிவு மட்டுமே. யார் எதிர்த்தார், ஏன் எதிர்த்தார், அந்த அச்சம் பின்னாளில் பலித்ததா என்ற கேள்விகளுக்கு இடமில்லை.

அவசரச் சட்ட அதிகாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். அது காலனி ஆட்சியிலிருந்து வந்த அதிகாரம். வைசிராய்களின் அவசரச் சட்டங்களால் சிறை சென்றவர்கள் பலர் அந்தச் சபையில் உறுப்பினர்களாக இருந்தனர். விடுதலை பெற்ற நாட்டுக்கு இது தேவையா, தேவையென்றால் எத்தனை நாளுக்கு என்று ஹிருதயநாத் குன்ஸ்ரு போன்றவர்கள் கேட்டனர். அவை கூடியிராத நேரத்தில் இருக்கிற சட்டம் போதாத ஒரு நிலைமை திடீரென எழுந்தால் அரசு என்ன செய்யும் என்பது அம்பேத்கரின் பதில். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. இந்த விவாதத்தை ஒரு மணி நேரம் வாசித்த மாணவர் ‘ஆறு வாரம்’ என்பதை வெறும் எண்ணாகப் பார்க்க மாட்டார். நிர்வாகத்தின் அவசரத்துக்கும் சட்டமன்றத்தின் உரிமைக்கும் இடையே போடப்பட்ட வேலி அது என்று அவருக்குப் புரியும். வேலி எங்கே பிரிக்கப்படும் என்று யோசிக்கவும் தொடங்குவார்.

*

தேர்வுமுறை இந்த யோசனையைத் தண்டிக்கிறது. ‘ஆளுநரின் அதிகாரங்களையும் பணிகளையும் விவரி’ என்பது ஆண்டுதோறும் வரும் வினா. இதில் விவரிக்க மட்டுமே இடமுண்டு, ஐயப்பட இடமில்லை. பழைய வினாத்தாள்களை வைத்து ஐந்து விடைகளைத் தயாரித்தால் நான்காவது வரும் என்பது விடுதிகளில் வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. குடிமைப் பணித் தேர்வின் நிழலும் இதன்மேல் விழுகிறது. பட்டப்படிப்பின் முதல் ஆண்டிலேயே மாணவர்கள் பலர் போட்டித் தேர்வுக் கையேட்டைப் பாடநூலாக்கிக்கொள்கிறார்கள். கையேட்டுக்கு அதற்குரிய பயன் உண்டு. எந்தப் பிரிவில் என்ன இருக்கிறது என்று அது தெளிவாகச் சொல்கிறது. ஆனால் கையேட்டின் உலகில் அரசமைப்பு முடிந்துபோன ஒரு பொருள். அதில் எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே சரியான விடை உண்டு.

நடப்பில் அப்படியில்லை என்பதற்கு 2025-ஆம் ஆண்டே சாட்சி. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா ஆளுநரிடம் போனால் என்ன ஆகும் என்பது பிரிவு 200. ஒப்புதல் தரலாம், நிறுத்திவைக்கலாம், குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு அனுப்பலாம். திருப்பி அனுப்புவதென்றால் இயன்ற விரைவில் அனுப்ப வேண்டும். இயன்ற விரைவு என்பது எத்தனை நாள் என்று பிரிவு சொல்லவில்லை. தமிழ்நாடு அரசு தொடுத்த வழக்கில் ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு காலக்கெடு விதித்தது; தேங்கிக்கிடந்த பத்து மசோதாக்கள் ஒப்புதல் பெற்றவையாகக் கருதப்படும் என்றும் கூறியது. குடியரசுத் தலைவர் இது குறித்து உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கோரினார். நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் இப்படிக் காலக்கெடு விதிக்க இயலாது, ஒப்புதல் பெற்றதாகக் கருதும் முறையும் ஏற்கத்தக்கதல்ல என்று கருத்துரைத்தது. அதே வேளையில், காரணமின்றிக் காலவரம்பில்லாமல் மசோதாவை முடக்கிவைப்பதையும் அது ஏற்கவில்லை.

எட்டு மாதங்களுக்குள் ‘சரியான விடை’ இருமுறை மாறியது. மனப்பாடம் செய்த மாணவருக்கு இது பெருந்தொல்லை. பழைய குறிப்பை அடித்துவிட்டுப் புதியதை எழுதிக்கொள்ள வேண்டும். அரசறிவியல் மாணவருக்கோ இதுவே பாடம். தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அவையின் சட்டத்தை நியமிக்கப்பட்ட ஒருவர் எவ்வளவு காலம் தடுக்கலாம்? அதைத் தீர்மானிப்பதில் நீதிமன்றத்தின் பங்கு என்ன? காலக்கெடு எழுதாமல் விட்டது கவனக்குறைவா, பதவியில் இருப்பவரின் நாணயத்தின் மீது வைத்த நம்பிக்கையா? அந்த நம்பிக்கை பொய்த்தால் யாரிடம் முறையிடுவது? இக்கேள்விகளுக்கு இரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்து ஒரு மாணவர் எழுதும் மூன்று பக்கம், அதிகாரங்களையும் பணிகளையும் விவரிக்கும் முப்பது பக்கத்தைவிட மேலானது.

*

இதற்கு மாற்றாகச் சிலர் சொல்வது தீர்ப்புகளை நிறையப் படிக்கவைக்க வேண்டும் என்பது. அது பாதி வழி மட்டுமே. அரசமைப்பு என்றால் உச்ச நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்றால் புகழ்பெற்ற பதினைந்து வழக்குகள் என்ற எண்ணம் ஏற்கெனவே வகுப்பறைகளில் வலுவாக இருக்கிறது. சட்டக் கல்லூரிக்கு அது பொருந்தலாம். அரசறிவியலின் வேலை வேறு.

பிரிவு 356 இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. மாநில அரசைக் கலைத்துக் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவரும் இந்தப் பிரிவு பயன்படுத்தப்படாமலே கிடக்கும் என்று 1949-இல் அம்பேத்கர் நம்பிக்கை தெரிவித்தார். எச்.வி. காமத் போன்றோர் அப்போதே எச்சரித்தனர். பின்னர் அது நூறு முறைக்கு மேல் பயன்படுத்தப்பட்டது. 1994-இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, கலைப்பு ஆணை நீதிமன்றப் பரிசீலனைக்கு உட்பட்டது என்றும் பெரும்பான்மையைச் சட்டமன்றத்திலேயே சோதிக்க வேண்டும் என்றும் வரையறுத்தது. அதன்பின் கலைப்புகள் குறைந்தன. பாடநூல் இங்கே முற்றுப்புள்ளி வைக்கிறது: தீர்ப்பு வந்தது, தவறு திருந்தியது.

ஆனால் 1990-களில் வேறு பலவும் மாறின. மத்தியில் கூட்டணி ஆட்சிகள் வந்தன; முன்பு கலைக்கப்பட்ட மாநிலக் கட்சிகள் இப்போது அமைச்சரவையிலேயே அமர்ந்திருந்தன. 1997-இல் உத்தரப் பிரதேச அரசைக் கலைக்கும் பரிந்துரையைக் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். 1998-இல் பீகார் தொடர்பான பரிந்துரையையும் அவ்வாறே அனுப்பினார். 1999 பிப்ரவரியில் பீகாரில் குடியரசுத் தலைவர் ஆட்சி கொண்டுவரப்பட்டபோது, மாநிலங்களவையில் அதற்குப் போதிய ஆதரவு இல்லாததால் சில வாரங்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. ஆக, பிரிவு 356-ஐக் கட்டுப்படுத்தியது தீர்ப்பு மட்டுமா? கட்சி அமைப்பின் மாற்றம், ஒரு குடியரசுத் தலைவரின் மனவுறுதி, மாநிலங்களவையின் எண்ணிக்கை ஆகியவற்றின் பங்கு எவ்வளவு? இந்தக் கேள்வியைக் கேட்பதே அரசறிவியல். கட்சி அமைப்பு மீண்டும் மாறினால் அந்தக் கட்டுப்பாடு நிலைக்குமா என்ற கேள்வி அதிலிருந்தே பிறக்கிறது. தீர்ப்பை மட்டும் படித்தவருக்கு அது தோன்றாது.

நீதிமன்றமே தவறிய தருணங்களும் உண்டு. நெருக்கடிநிலையின்போது, 1976 ஏப்ரலில், காரணமின்றிச் சிறைவைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றத்தை நாட முடியாது என்று ஐவரில் நால்வர் தீர்ப்பளித்தனர். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டார்; அடுத்த ஆண்டு தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி இன்னொருவருக்குப் போனது. அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றமே 2017-இல் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. இடைப்பட்ட நாற்பத்தொரு ஆண்டுகளில் ‘சரியான விடை’ எது என்று ஒரு மாணவர் கேட்டால் கையேட்டில் பதில் இராது.

*

இவற்றுக்கெல்லாம் எதிராகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. இரண்டுமே புறந்தள்ளத்தக்கவை அல்ல.

முதலாவது, அடிப்படை தெரியாமல் விவாதம் எதற்கு என்பது. உண்மை. பிரிவு 213 என்ன சொல்கிறது என்று தெரியாதவர் அதன் மீறலைக் கண்டுபிடிக்க முடியாது. வாத்வாவும் அந்த ஆறு வாரக் கணக்கிலிருந்தே தொடங்கினார். மனப்பாடத்துக்கு இங்கே இடம் உண்டு. அது வாசற்படியாக இருக்க வேண்டும். இன்று அதுவே வீடாகிவிட்டது என்பதே குறை. மூன்றாண்டுப் படிப்பு முழுவதும் படியிலேயே நிற்கவைத்துவிட்டுப் பட்டம் தருவது நியாயமாகாது.

இரண்டாவது காரணம் கனமானது. தலைநகரின் பெயர்பெற்ற கல்லூரியில் இவையெல்லாம் நடக்கும். மாவட்டத் தலைநகரின் அரசுக் கல்லூரியில், ஒரு வகுப்பில் நூற்றுக்கு மேற்பட்டோர், துறைக்கு ஓரிரு ஆசிரியர், அவர்களிலும் சிலர் கௌரவ விரிவுரையாளர் என்ற நிலையில் எப்படி நடக்கும்? தொலைநிலைக் கல்வியில் படித்துக்கொண்டே வேலைக்குப் போகிறவரிடம் அரசமைப்பு நிர்ணய சபை விவாதங்களின் பன்னிரண்டு தொகுதிகளை யார் கேட்க முடியும்?

பன்னிரண்டு தொகுதிகள் தேவையில்லை. ஒரு பருவத்தில் ஒவ்வொரு மாணவரும் ஒரே ஒரு பிரிவின் வாழ்க்கையை முழுமையாகப் பின்தொடர்ந்தால் போதும். அந்தப் பிரிவு குறித்து நிர்ணய சபையில் நடந்த விவாதத்தின் பத்துப் பக்கம். அதன் வாசகம், அதில் செய்யப்பட்ட திருத்தங்கள். அது பயன்படுத்தப்பட்ட அல்லது மீறப்பட்ட ஒரு நிகழ்வு. அது குறித்து ஒரு தீர்ப்பு, மாறுபட்ட தீர்ப்பு இருந்தால் அதுவும். இறுதியாக, மாணவரின் சொந்த மாநிலத்தில் இன்று அது எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரே ஒரு சான்று. விவாதங்கள் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தீர்ப்புகளும் கிடைக்கின்றன. மாநில அரசிதழ்கள் பலவும் இணையத்துக்கு வந்துவிட்டன. தன் தொகுதி உறுப்பினர் அமரும் சட்டமன்றம் கடந்த ஆண்டு எத்தனை நாள் கூடியது, எத்தனை மசோதாக்கள் அறிமுகமான அன்றே நிறைவேறின, எத்தனை அவசரச் சட்டங்கள் வந்தன என்று எண்ணுவதற்குப் பெரிய நூலகம் வேண்டியதில்லை. கவனமும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். பல மாநிலச் சட்டமன்றங்கள் ஆண்டுக்கு முப்பது நாள்கூடக் கூடுவதில்லை என்பதை ஒரு மாணவர் தானே எண்ணிக் கண்டறியட்டும். ‘சட்டமன்றம் ஆட்சித் துறையைக் கட்டுப்படுத்துகிறது’ என்ற பாடநூல் வரியை அதற்குப் பிறகு அவர் வேறு விதமாக வாசிப்பார்.

உண்மையான தடை மொழி. வாசிப்புப் பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. இந்தியிலோ ஒடியாவிலோ தமிழிலோ வங்காளியிலோ பள்ளி முடித்து வரும் முதல் தலைமுறை மாணவர் முதல் பருவத்திலேயே ஆஸ்டினை எதிர்கொள்கிறார். இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் அவர் ஜெராக்ஸ் கடையின் வினா-விடைத் தொகுப்பைத் தேடிப் போவது சோம்பலால் அன்று. அந்தத் தொகுப்பு மட்டுமே அவர் மொழியில், அவர் விலையில் கிடைக்கிறது. நிர்ணய சபையின் விவாதங்களில் தேர்ந்தெடுத்த சில நூறு பக்கங்களை, முக்கியத் தீர்ப்புகளின் சாரத்தை, நல்ல குறிப்புகளோடு ஒவ்வொரு இந்திய மொழியிலும் கொண்டுவருவது எட்டாத வேலையல்ல. பல்கலைக்கழகங்களின் அரசறிவியல் துறைகளும் மாநிலப் பாடநூல் நிறுவனங்களும் சேர்ந்தால் முடியும். ஜெய்பால் சிங் முண்டா பழங்குடி மக்களுக்காகப் பேசியதை ஜார்க்கண்டின் ஒரு மாணவி தன் மொழியில் வாசிக்க முடியாவிட்டால், தாட்சாயணி வேலாயுதன் தீண்டாமை குறித்துப் பேசியதைக் கேரளத்தின் ஒரு மாணவர் மலையாளத்தில் வாசிக்க முடியாவிட்டால், அரசமைப்பு மக்களுடையது என்று முகப்புரையைக் கூட்டமாக நின்று வாசிப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

முகப்புரை வாசிப்பு இப்போது ஒரு சடங்காக வளர்ந்திருக்கிறது. நவம்பர் 26 அரசமைப்பு நாளாக 2015 முதல் கொண்டாடப்படுகிறது. கல்லூரி வளாகத்தில் வரிசையில் நின்று உறுதிமொழி எடுக்கிறார்கள். மரியாதை நல்லதுதான். ஆனால் கும்பிடப்படும் நூல் பெரும்பாலும் வாசிக்கப்படுவதில்லை. 1949 நவம்பர் 25 அன்று, அரசமைப்பு ஏற்கப்படுவதற்கு முந்தைய நாள், அம்பேத்கர் ஆற்றிய உரையில் பெருமிதத்தைவிட எச்சரிக்கையே மேலோங்கியிருந்தது. எவ்வளவு நல்ல அரசமைப்பும் அதை நடத்துகிறவர்கள் தீயவர்களாக இருந்தால் தீயதாகிவிடும் என்பது அவர் சொன்னதன் சாரம். நடத்துகிறவர்கள் யார்? ஆளுநரும் முதலமைச்சரும் மட்டுமல்லர். அந்தச் சுற்றறிக்கையைத் தயாரித்த துறை அலுவலர், அதைத் தட்டச்சு செய்தவர், அவையில் கேள்வி கேட்காமல் இருந்த உறுப்பினர், அதைச் செய்தியாகக் காணாத நிருபர், அதை வகுப்பில் குறிப்பிடாத ஆசிரியர் எல்லோரும்தான். இவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு கல்லூரியின் கலைப் பிரிவில் பட்டம் பெற்று வருபவர்கள்.

*

வாத்வா வழக்கோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. தீர்ப்பு வந்து மூன்றே ஆண்டில், 1989 டிசம்பரில், அதே பீகாரில் 429 தனியார் சமஸ்கிருதப் பள்ளிகளை அரசே ஏற்கும் ஓர் அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அது காலாவதியாகும் வேளையில் மீண்டும், பிறகு மீண்டும் என்று தொடர் நீண்டது. ஒருமுறைகூட அது சட்டமன்றத்தின் முன் வைக்கப்படவில்லை. 1992 ஏப்ரலில் கடைசி அவசரச் சட்டமும் காலாவதியானது. அரசு ஊழியர்களாகிவிட்டோம் என்று நம்பிய ஆசிரியர்களும் பணியாளர்களும் எந்தப் பக்கமும் சேராமல் நடுவில் நின்றனர். வழக்கு பாட்னாவிலிருந்து டெல்லிக்குப் போனது. கிருஷ்ணகுமார் சிங் வழக்கு என்று பெயர் பெற்றது. 2017 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, அந்த மறுபிறப்பிப்புகள் அரசமைப்பின் மீதான மோசடி என்று மீண்டும் அறிவித்தது. அவற்றின் அடிப்படையில் அந்த ஊழியர்களுக்கு அரசுப் பணி உரிமை எதுவும் கிடைக்காது என்றும் தீர்ப்பாயிற்று. அக்காலத்தில் கொடுக்கப்பட்ட ஊதியத்தைத் திரும்பப் பிடிக்கக் கூடாது என்பது மட்டுமே அவர்களுக்கு மிஞ்சியது.

மோசடி செய்தது அரசு. இழந்தது பள்ளி ஆசிரியர்கள். கடைசி அவசரச் சட்டம் காலாவதியாகி ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் ஓடியபின் வந்த விடை அது. அதற்குள் அவர்களில் பலர் பணிக்காலத்தையே கடந்திருப்பார்கள்.

இந்த வழக்கும் இப்போது பாடத்தில் சேர்ந்துவிட்டது. வாத்வா, 1986, கிருஷ்ணகுமார் சிங், 2017. அடுத்த பருவத்துத் தேர்வில் இரண்டு பெயர்களையும் ஆண்டுகளோடு எழுதும் மாணவருக்கு ஒரு மதிப்பெண் கூடலாம். 1990-இல், இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ அந்த அவசரச் சட்டம் அரசிதழில் வந்தபோது, தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்து ‘இது கூடாதென்று மூன்றாண்டுக்கு முன்புதானே சொன்னார்கள்’ என்று கேட்கத் தெரிந்த நூறு பட்டதாரிகள் அம்மாநிலத்தின் செயலகத்திலும் அவையிலும் செய்தித்தாள் அலுவலகங்களிலும் இருந்திருந்தால், அந்த ஆசிரியர்களின் கதை வேறாக இருந்திருக்கக்கூடும். அப்படி நூறு பேரை உருவாக்குவதற்குத்தான் இளங்கலையில் அரசறிவியல் என்று ஒரு பாடம் இருக்கிறது.